சுமைக்காரிக்கு ஐந்தாம் படி இல்லை

ஆட்டத்துக்குள் ஒருத்தர் எப்படி ஏற வேண்டும், எதைச் செய்தால் ஏறலாம், ஏறினால் கையில் என்ன கிடைக்கும் என்று வரிசை போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். அந்த வரிசையில் ஆறு படியை வெட்டி எறிந்தவன் நீ. பெயர் சொல்ல மாட்டேன். கோயம்புத்தூரில் உட்கார்ந்து புத்தகம் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும், அது போதும். நீ வெட்டின நாலு பக்கத்தால் மூணாறு பக்கத்து எஸ்டேட் ஒன்றில் ஐந்து பேர் ஏழு மாதமாக ஒரு மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மலையும் கூடாரமும் காகிதத்தில் இருப்பவைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து உட்காருகிறவர்கள் ரத்தமும் சதையுமான ஆட்கள்.

விவரம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடுகிற கதையாட்டம் இது. ஒருவர் கதையை நடத்துவார், அவரைக் கதைக்காரர் என்போம். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். வாள்காரன், மந்திரக்காரன், வைத்தியச்சி, சுமைக்காரி என்று பாத்திரத்துக்கு ஒரு தொழில். புலியிடம் தப்பித்தோமா, ஆற்றைத் தாண்டினோமா என்பதை இருபது முகப் பகடையை உருட்டித் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்டத்துக்கு ஆட்டம் புள்ளி சேரும். போதுமான புள்ளி சேர்ந்தால் ஒரு படி ஏறலாம். முதல் படி வாள்காரன் தெருநாயைக் கண்டால் ஓடுவான். பத்தாம் படி வாள்காரனைக் கண்டால் ராஜாவே எழுந்து நாற்காலி போடுவார். இந்தப் பத்துப் படியை ஒவ்வொரு தொழிலுக்கும் எழுதி முடிப்பதற்குள் எழுதுகிறவனுக்கு முடி கொட்டிவிடும்.

நான் எட்டாம் வகுப்போடு சரி. பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிப் பழைய அட்டைப்பெட்டி எடுத்து விற்றவன். ஒரு ஆபீஸைக் காலி செய்தபோது எடைக்கு வந்த சாமான்களுக்கு நடுவே வெளிநாட்டு விதிப்புத்தகம் ஒன்றும், ஒரு பை நிறையப் பகடையும் கிடந்தன. படம் பார்த்தே பாதி புரிந்தது. மீதியை அங்கே ஒரு லாட்ஜில் தங்கியிருந்த ஒரு இன்ஜினியரிடம் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டேன். மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு, 'கணவாய்' என்று தமிழில் சொந்தமாக ஒரு ஆட்டம் செய்தேன். ஒரு வணிகக் கூட்டம் சரக்கோடு மலையைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆட்டத்துக்கு விதி எழுதி, எழுதின விதியாலேயே செருப்படி பட்ட என் இனத்தவர்களே, இந்தத் துணுக்குகள் உங்களுக்குத்தான். நான் கோபக்காரன். ஆனால் கீழே வருகிற இடங்கள் பலவற்றில் கோபப்பட எனக்கு யோக்கியதை இருக்கவில்லை.

குலம்

முதல் கையெழுத்துப் பிரதியில் 'தொழில்' என்ற சொல்லே கிடையாது. 'குலம்' என்றுதான் எழுதியிருந்தேன். வாள்குலம், மந்திரகுலம், சுமைக்குலம். வாய்விட்டுப் படித்தால் கம்பீரமாக இருந்தது. எட்டாம் வகுப்புப் படித்தவன் எழுதியதா இது என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

முதல் ஆட்டம் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம், தென்னந்தோப்பு வைத்திருக்கிற துரைசாமி வீட்டில். அவர், அவருடைய மச்சினர்கள் இரண்டு பேர். ஒரு ஆள் குறைந்தது. தோப்பில் தேங்காய் உரிக்க வந்திருந்த வேலுவை நான்தான் கூப்பிட்டேன். வேலு என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மற்ற மூவரும் நாற்காலியில் இருக்க, அவர் ஸ்டூலை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் கையில் வைத்திருந்த நாலு தாளையும் சீட்டுப் போடுகிற மாதிரி பிரித்துக் கொடுத்தேன். துரைசாமிக்கு வாள்குலம். மச்சினர்களுக்கு மந்திரகுலம், வைத்தியகுலம். வேலுவுக்கு நீட்டினது சுமைக்குலம். சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் செய்யவில்லை. அதுதான் கேவலம், யோசிக்காமலேயே கை அங்கேதான் போனது.

வேலு தாளை வாங்கி விரலால் வரி வரியாகத் தடவிப் படித்தார். துரைசாமி பகடையை எடுத்துக் குலுக்க ஆரம்பித்துவிட்டார். வேலு மட்டும் தாளைத் திருப்பி என் பக்கம் காட்டி, சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்: "ஏனுங்க, மேல குலம்னு போட்டுட்டு, கீழ ஏறலாம்னும் போட்டிருக்கறீங்களே, அது எந்த ஊர்லீங்க?"

ஈரக் கழிவு

அன்று ஊட்டுக்கு வந்ததும் குலத்தை எல்லா இடத்திலும் அடித்துவிட்டுத் தொழில் என்று எழுதினேன். சொல் மாறியது, புத்தி மாறவில்லை. அட்டைப்பெட்டி எடுக்கிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழையில் நனைந்த அட்டை எடை கூடுதலாகக் காட்டும், அதனால் ஈரம் என்று சொல்லி நூற்றுக்குப் பத்து கழித்துத்தான் எடுப்போம். காய்ந்த அட்டையிலும் கழிப்போம், அது வேறு விஷயம். ஆட்டத்திலும் அதே கணக்கைக் கொண்டுவந்தேன். உழைப்பால் வந்த புள்ளி எது, பகடை நல்லபடி விழுந்ததால் வந்த புள்ளி எது என்று யாருக்குத் தெரியும்? அதனால் நூறு புள்ளி எடுத்தால் பத்து கழிவு, மீதி தொண்ணூறுதான் படி ஏற்றத்துக்கு. ரொம்ப நியாயமான விதி என்று அடிக்கோடு வேறு போட்டிருந்தேன்.

அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு உடுமலை வழியாக மறையூர் தாண்டி எஸ்டேட்டுக்குப் போனேன். தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருக்கிற ஜெபராஜ்தான் அங்கே கதைக்காரர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் மேசை போடுவார்கள். பத்தொன்பது வருடமாகக் கொழுந்து எடுக்கிற எஸ்தர், அவருடைய நாத்தனார், எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர், டிராக்டர் ஓட்டுகிற ஒருவர், ஜெபராஜோடு சேர்த்து ஐந்து பேர். எஸ்தர் தானாகவே சுமைக்காரியை எடுத்தார். வாள் தூக்க யார் வேண்டுமானாலும் வருவார்கள், அரிசி மூட்டையைத் தூக்க ஆள் வேண்டாமா என்றார்.

ஆட்டம் அமர்க்களமாகப் போனது. காட்டாற்றில் கயிறு கட்டிச் சரக்கு முழுவதையும் எஸ்தரின் சுமைக்காரி ஒருத்தியே கரை சேர்த்தாள். கடைசியில் ஜெபராஜ் புள்ளி கூட்டினார், விதியைப் படித்தார், கழிவு போட்டார். நாத்தனார் முதலில் சிரிக்க ஆரம்பித்தார், கம்பவுண்டர் சேர்ந்துகொண்டார். கொழுந்து எடை மேடையில் கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று தினமும் கழிபடுகிற ஆட்களிடம் ஞாயிற்றுக்கிழமையும் போய்க் கழித்திருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. "மழைல நனைஞ்ச எலைக்கு ஈரம்னு கழிக்கிறாக, சரி. வீட்டுக்குள்ள உக்காந்து உருட்டுன பகடைக்கு எங்கிட்டு இருந்துண்ணே ஈரம் வந்துச்சு?"

நாலு மாத டியூட்டி

கஞ்சிக்கோட்டு லாட்ஜ் அறையில் போட்ட மேசையில் எல்லாரும் கம்பெனித் தொழிலாளர்கள். அதில் சுந்தரன் யூனியன்காரர். வாதம் என்று வந்தால் விடமாட்டார். நானும் விடமாட்டேன். இரண்டு பேரையும் ஒரே அறையில் வைத்தது லாட்ஜ்காரர் செய்த தப்பு.

புதிதாக வந்த ஒரு ஆள் ஒரே மாதத்தில் ஐந்தாம் படிக்குப் போய்விட்டார். புலியைத் தனியாக விரட்டினார், புள்ளி கொட்டியது. சுந்தரன் நாலாம் படியில் இருந்தார். "நான் மொத நாள்ல இருந்து வர்றேன். அவன் போன மாசம் சேர்ந்தவன். அவனுக்கு அஞ்சு, எனக்கு நாலுங்களா? சர்வீஸ் பார்க்க வேண்டாமுங்களா?" என்றார். இங்கே சர்வீஸ் கிடையாது, செய்கிற காரியத்துக்குத்தான் படி என்றேன். "காரியத்த யாருங்க அளக்கறது? மேலே இருக்கறவனுக்கு வேண்டியவன் செஞ்சதெல்லாம் காரியம்தான்" என்றார். மேலே இருக்கிறவன் என்று அவர் சொன்னது என்னைத்தான். அன்று கதைக்காரன் நான். சுர்ரென்று ஏறியது. அவர் முன்னால் இருந்த தாளைப் பிடுங்கி நாலாகக் கிழித்துப் போட்டேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

தாள் நாலு துண்டாகக் கிடந்தபோதுதான் அதைப் பார்த்தேன். புள்ளியைப் பென்சிலால் எழுதி அழித்து எழுதி அந்த இடமே நைந்து போயிருந்தது. ஓரத்தில் பாத்திரத்தின் முகத்தைப் படமாகப் போட்டு, காதில் கடுக்கன் வரைந்திருந்தார். சுந்தரன் துண்டுகளைப் பொறுக்கி, கழுவித் துடைத்த டிபன் டப்பாவுக்குள் வைத்து மூடினார். எழுந்து நின்று, "நாலு மாசம் ஷிப்ட்டு முடிஞ்சு தூங்காம வந்து ஆடினதுங்க. நீங்க வெறும் தாளுன்னு நெனச்சுக் கிழிச்சுட்டீங்க" என்றார்.

ஒரு தீப்பந்தத்தின் விலை

சுந்தரன் திரும்ப வர ஆறு வாரம் ஆயிற்று, அதற்குள் நான் அவர் ஊட்டுக்கு மூன்று தடவை போய் நின்றேன். அதற்குப் பிறகு ஒரு விதி சேர்த்தேன்: ஒவ்வொரு ஆட்ட முடிவிலும் மேசை முழுவதும் சேர்ந்து ஒருவருக்குப் பத்துப் புள்ளி தரலாம், கதைக்காரருக்கு அதில் வாக்கு இல்லை. நல்ல விதி. எங்கே கெடுத்தேன் என்றால், நானே கதை நடத்தின மறையூரில்.

மறையூரில் சேகர் வெல்லம் காய்ச்சுகிறவர். பேரத்தில் என்னை மடக்கின ஒரே ஆள். அவருடைய மந்திரக்காரன் மூன்றாம் படியில் இருந்தான். "நாலாம் படியில என்னண்ணே கெடைக்கும்?" என்று கேட்டார். இருட்டில் வெளிச்சம் வரவழைக்கிற மந்திரம் என்றேன். தன் தாளைக் காட்டினார், அதில் தீப்பந்தம் ஒன்று என்று இருந்தது. "எங்கிட்டதான் வெளிச்சம் இருக்கே. அப்ப நாலாம் படி எனக்குத் தண்டம். அதக் கழிச்சுட்டு நேரா அஞ்சுக்குத் தூக்குங்க" என்றார். கொப்பரையில் பாகு பொங்க, கிளறிக்கொண்டே பேசுகிறார், மூச்சு வாங்கவில்லை. நான் மறுத்தேன். சரி, புள்ளியில் முப்பது விட்டுக்கொடுக்கிறேன் என்றார். இருபது வருடம் இப்படியேதான் நான் கம்பெனி கேட்டில் நின்று பேசியிருக்கிறேன். என்னையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது, மயங்கிவிட்டேன். மேசையைக் கேட்காமல் நானே ஐந்து கொடுத்தேன். அடுத்த மாதம் ஆறு. அந்த மேசையில் மற்ற மூன்று பேர் பகடையை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

அன்றைக்கே, அச்சுக்குப் போகவிருந்த புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு ஒரு வரி எழுதினேன்: 'இந்தப் புத்தகத்தில் அச்சான படிகள் மட்டுமே செல்லும். இதில் பேரம் கிடையாது.' கீழே கையெழுத்தும் போட்டேன். அந்தப் பக்கத்தைச் சேகரிடமே கொண்டு போய்க் காட்டினேன். படித்துவிட்டு, சூடாக ஒரு வெல்ல உருண்டையை இலையில் வைத்து நீட்டினார். "பேரமே கெடையாதுன்னு ஆரம்பிக்கிறவன்தாண்ணே கடைசில ரொம்ப விட்டுக்குடுப்பான்."

பத்தாம் படியில் என்ன இருக்கிறது

வாள்காரனுக்குப் பத்துப் படி எழுத ஒரு வாரம் ஆனது. சுமைக்காரிக்கு நாலாம் படியோடு பேனா நின்றுவிட்டது. ஒன்று: கூடுதல் எடை தூக்குவாள். இரண்டு: இன்னும் கூடுதல். மூன்று: ஏற்றத்திலும் தூக்குவாள். நாலு: ஓடிக்கொண்டே தூக்குவாள். ஐந்தில் என்ன எழுதுவது? இன்னும் தூக்குவாள் என்றா? கணவாயின் உச்சியைத் தாண்ட ஐந்தாம் படி வேண்டும் என்று நானே விதி வைத்திருந்தேன், அதனால் எழுதியாக வேண்டும்.

எஸ்டேட்டுக்குப் போனபோது எஸ்தரிடம் கேட்டேன். பஸ் நிற்கிற இடம் வரை கூட நடந்து வந்தார். தோளில் ரேஷன் பை. சுமைக்காரி பெரிய ஆளாக ஆனால் என்ன செய்வாள் என்றேன். யோசிக்கவே இல்லை, ரொம்ப நாளாகப் பதில் வைத்திருந்தவர் மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். பாதை இல்லாத சரிவில் அவள் கால் வைத்த இடம்தான் பாதை. எந்த மூட்டையில் எது இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும், அதனால் எது முதலில் செலவாக வேண்டும் என்று அவள்தான் சொல்ல வேண்டும். மழை வரப்போகிறது என்று அவள் சொன்னால் வாள்காரனும் நிற்க வேண்டும். நான் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், பழைய பில், கையில் கிடைத்ததில் எல்லாம் எழுதிக்கொண்டேன். ஐந்திலிருந்து ஒன்பது வரை நிரம்பிவிட்டது.

பத்தாம் படிக்கு என்ன என்று கேட்டபோது பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். எஸ்தர் பையைத் தோள் மாற்றிக்கொண்டு ஜன்னலுக்கு நேரே வந்து நின்று சொன்னார்: "பாரத்த எங்க எறக்கணும்னு இன்னொருத்தன் சொல்லக் கூடாதுண்ணே. அவ எறக்குன எடத்துல எல்லாரும் நிக்கணும். அது போதும்."

நான் சொன்ன பொய்

புத்தகம் அச்சாகி வந்தது. எஸ்டேட்டுக்கு ஐந்து பிரதி நானே சுமந்து கொண்டு போய்க் கொடுத்தேன். எஸ்தர் ஹால் வாசலிலேயே பிரித்து, சுமைக்காரி பக்கத்துக்குப் போனார். பக்கத்தைத் திருப்பினார். அடுத்தது மந்திரக்காரன். திரும்பப் பின்னால் வந்தார். இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்து விரலை எச்சில் தொட்டுப் பிரித்துப் பார்த்தார். நாலாம் படியோடு சரி.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதிலாக எனக்குக் கோபம் வந்தது. தப்புச் செய்தவனுக்குத்தான் அந்த மாதிரி கோபம் வரும், உங்களுக்கும் வந்திருக்கும். யோசித்துத்தான் அப்படி வைத்திருக்கிறேன் என்றேன். சுமைக்காரி என்றால் நாலு படிதான், அது தொழிலின் தன்மை, அதிலேயே அவளுக்கு ஒரு நிறைவு இருக்கிறது என்றேன். நிறைவு என்ற சொல்லை எங்கிருந்து பிடித்தேன் என்று தெரியவில்லை.

எஸ்தர் புத்தகத்தை மூடி, முந்தானையால் அட்டையில் பட்ட மழைத்துளியைத் துடைத்தார். கொழுந்து எடுப்பதிலேயே பத்தொன்பது வருடம். கூடச் சேர்ந்த ஆண்களில் இரண்டு பேர் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். இதை அவர் சொல்லவில்லை, பின்னால் ஜெபராஜ் சொல்லித் தெரிந்தது. எஸ்தர் சொன்னது இவ்வளவுதான்: "எங்க ஆபீஸ்லயும் இதத்தாண்ணே சொல்றாக."

ஒட்டுத்தாள்

ஆனாலும் விளையாடினார்கள். எஸ்தரின் சுமைக்காரி மூன்று மாதத்தில் நாலாம் படிக்கு வந்துவிட்டாள். மற்ற மூவரும் ஐந்து, ஆறு. கூட்டம் கணவாயின் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாம் படிக்குக் கீழே உள்ளவர் உச்சியைத் தாண்ட முடியாது. வேறு பாத்திரம் எடுத்துக்கொள் என்று எஸ்தரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். இத்தனை மாதம் தூக்கி வந்தவளை இங்கே போட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றாராம். கூடாரம் போட்டார்கள்.

இது தெரிந்ததும் நான் விட்டுப்போன ஆறு படியையும் அழகாகக் கையால் எழுதி, நாலு தாளும் ஜெராக்ஸ் எடுத்து, பசையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். நான் எழுதியதைப் புத்தகம் போட்டவன் வெட்டிவிட்டான் என்று அங்கே சொன்னேன். ஜெபராஜ் பொறுமையாக எல்லாத்தையும் படித்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். "அச்சானது மட்டுந்தான் செல்லும்னு எழுதிருக்கீக. கீழ கையெழுத்தும் உங்களுதுதான். இன்னைக்கு இத ஒட்டுனா, நாளைக்கு டிராக்டர்காரரும் ஒரு தாள் எழுதிட்டு வருவாரு" என்றார். டிராக்டர்காரர், ஆமாம் வருவேன் என்றார். நான் மேசையை ஓங்கித் தட்டினேன். விதி எழுதினவன் நான், நான் சொல்கிறேன் செல்லும் என்று கத்தினேன். எஸ்தர்தான், "விடுங்கண்ணே, ஒட்டுத்தாள்ல ஏறுனவளுன்னு எனக்குப் பேரு வேணாம்" என்றார்.

அப்படியானால் மற்றவர்களாவது தாண்டிப் போங்கள், ஆட்டம் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்டேன். நாத்தனார் டம்ளர்களில் சாயா ஊற்றிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே பதில் சொன்னார்: "அரிசி, கயிறு, விளக்கு எல்லாம் அவ முதுகுலதான இருக்கு. நாங்க மட்டும் மேல போயி காத்தையா திங்க? நாங்க கூடாரத்துல இருக்கோம், நீங்க அச்சடிச்சுட்டு வாங்க."

நாலு பக்கம்

இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால், கோயம்புத்தூரில் உன் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அறுபத்தெட்டுப் பக்கம் வந்திருந்தது. அச்சுத்தாளைப் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் மடிக்க முடியும், அறுபத்து நாலில் நிறுத்தியாக வேண்டும், நாலு பக்கத்தைக் குறைக்கணுங்ணா என்றாய். குறைக்க வழியும் நீயே சொன்னாய். முன்னுரையை எடுத்துவிடலாம் என்றாய். என் முன்னுரை சரியாக நாலு பக்கம். எட்டாம் வகுப்போடு நின்றது, அட்டைப்பெட்டி சுமந்தது, கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றது, ஒவ்வொரு படியாக நான் எப்படி ஏறினேன் என்ற கதை. கூடவே என் போட்டோ.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் பட்ட பாட்டை எடுக்கச் சொல்ல நீ யார் என்று கேட்டேன். உன் பேனா ஸ்டாண்டைத் தட்டிவிட்டேன். அது உருண்டு போய் எங்கேயோ விழுந்தது, நீ எடுக்கக்கூட இல்லை. பிறகு நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைத் தள்ளிவிடுவேன். பக்கங்களைப் புரட்டி, சுமைக்காரியின் மேல்படிகள் இருந்த நாலு தாளை உருவி உன் பக்கம் தள்ளினேன். இதை எடுத்துக்கொள், சரிக்குச் சரி என்றேன். பேரம் முடிந்த சந்தோஷத்தில் சிரித்தேன் என்றுகூட ஞாபகம்.

வெட்டின கத்தி உன்னுடையது. தாளை எடுத்துக் கொடுத்த கை என்னுடையது. இத்தனை நாள் எஸ்டேட்டில் உன்னைத்தான் கைகாட்டினேன், இந்தக் கட்டுரையின் முதல் பத்தியிலும் அதையேதான் செய்தேன். அன்றைக்கு நீ அந்தத் தாளைக் கையில் வாங்காமல் என்னையே பார்த்தாய். கேட்டாய்: "ஏனுங்ணா, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா? கதையே சுமையக் கொண்டு போறதுதானுங்களே?"

இரண்டாம் அச்சு

இப்போது இரண்டாம் அச்சு வருகிறது. போன வாரம் போன் செய்து, அந்த நாலு பக்கத்தையும் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். பழைய அச்சு பிளேட்டே நன்றாக இருக்கிறது, எதற்குக் கை வைக்க வேண்டும் என்றாய். முன்னுரையை எடுத்துவிடு, கணக்கு சரியாகிவிடும் என்றேன். நீ சிரித்தாய். "அதப் படிச்சுட்டுத்தானுங்ணா நெறையப் பேரு புக்கே வாங்கறாங்க. உழைச்சு முன்னேறுன மனுசன்னு சொல்றாங்க" என்றாய். அதன் பிறகு நீ போனை எடுக்கவில்லை. அதனால்தான் பத்துப் பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அன்று நான் தப்பாகச் சொன்னபோது நீ சரியாகக் கேட்டாய். இன்று நான் சரியாகச் சொல்கிறேன், நீ பிளேட்டைக் காட்டுகிறாய். முன்னுரையை எடு. போட்டோவையும் எடு. அந்த இடத்தில் சுமைக்காரியின் ஐந்து முதல் பத்து வரை போடு, படிகளைச் சொன்னவர் எஸ்தர் என்று கீழே ஒரு வரி போடு. புது பிளேட்டுக்கு ஆகிறதை என் கணக்கில் எழுதிக்கொள். போட்டு முதல் பிரதியை நீயே எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போ. என்னால் அந்த வாசலில் இன்னொரு தடவை வெறும் கையோடு நிற்க முடியாது.

ஆயுசு முழுக்கப் பேரம் பேசியே பிழைத்த நான் முதல் தடவையாக எதிராளி அன்றைக்குக் கேட்ட விலைக்கே ஒத்துக்கொள்கிறேன் என்று வந்து நிற்கிறேன், இப்போதாவது சரி செய்து தொலை!